நெய்தல் ஓவியத்தில் மனிதன் எங்கே?

ஓவியத்தைப் பற்றி ஒரு நாளும் சிந்தித்திராதவர் வீட்டிலும் கடற்கரைக் காட்சி ஒன்று சுவரில் தொங்குவதைக் காணலாம். உல்லாச விடுதியின் வரவேற்புக்கூடம், வங்கிக் கிளை, பல் வைத்தியரிடம் காத்திருக்கும் அறை, புதுமனையின் முன்மண்டபம் எங்கும் அதே படந்தான். ஒரு புறம் சாய்ந்து நிற்கும் இரண்டு தென்னைகள். நடுவே செம்மஞ்சள் ஞாயிறு. அதன் கீழே நீரில் நீண்டு கிடக்கும் ஒளிக்கோடு. தொலைவில் ஒரு பாய்த்தோணி. முன்னே ஒரு காலடியும் பதியாத மணல். பெரும்பாலும் அக்ரிலிக் வர்ணத்தில் தீட்டப்படும் இப்படம் கடலோரத்தை விட்டு மலையேறி எங்கள் புசல்லாவைக் கடைத்தெரு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. தேயிலை மலையையன்றி வேறு அடிவானம் காணாத எங்கள் பிள்ளைகளும், கடற்கரைக் காட்சி வரைக என்று சொன்னதும், இதே தென்னையையும் இதே ஞாயிற்றையும் இதே தோணியையும் வரைந்து நீட்டுகிறார்கள்.

இப்படங்களைத் தீட்டுவோருக்குத் திறமை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அலையின் நுரையை, ஈரமணலின் மினுக்கத்தை, மேகத்தின் ஓரத்தில் படியும் வெளிச்சத்தை அவர்கள் கைதேர்ந்து தீட்டுகிறார்கள். ஆயின், இத்துணைத் திறமையும் சேர்ந்து எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்ற கேள்வியை விமரிசகன் எழுப்பியே ஆகவேண்டும். கரையில் வாழும் மனிதன் இப்படத்திலிருந்து எங்கே போனான்?

முதலில் வர்ணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். அக்ரிலிக் என்பது நிறத்தூளைப் பிளாஸ்ரிக் வகையைச் சேர்ந்த ஒரு பிசினின் நீர்க்குழம்பிலே கலந்து செய்வது. ஈரமாக இருக்கும்வரை தண்ணீரில் கரையும். காய்ந்துவிட்டால் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. எண்ணெய் வர்ணம் காய்வதற்கு நாட்களும் வாரங்களும் தேவைப்பட, இதற்குச் சில நிமிடங்கள் போதும். கித்தான், கடதாசி, பலகை, சுவர் என எதன்மீதும் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வர்ணத்தின் பிறப்பு வரலாறு நம்மவர் பலர் அறியாதது. 1920களிலும் 30களிலும் மெக்சிக்கோ நாட்டின் சுவரோவியர்கள், ஓவியத்தைச் செல்வரின் மாளிகையிலிருந்து விடுவித்து மக்கள் நடமாடும் பொதுச் சுவர்களுக்குக் கொண்டுவர முனைந்தார்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுக்கும் வர்ணம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அவர்களுள் ஒருவரான சிக்கெய்ரோஸ் என்ற பொதுவுடைமைவாதி, 1936ல் நியூயோர்க்கில் ஒரு பரிசோதனைப் பட்டறையை அமைத்து, மோட்டார் வண்டிக்குப் பூசும் தொழிற்சாலை வர்ணங்களை ஓவியத்திற்குப் பயன்படுத்திப் பார்த்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஜாக்சன் பொலொக் அப்பட்டறையில் பங்கேற்ற இளைஞருள் ஒருவர். மெக்சிக்கோவில் ஹொசே குத்தியெரெஸ் போன்றோர் அத்தேடலைச் செயற்கைப் பிசின்களை நோக்கி மேலும் கொண்டு சென்றனர். 1950களின் நடுப்பகுதியில் நீரில் கரையும் அக்ரிலிக் வர்ணம் ஓவியர்களுக்கென அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. தெருவில் நடக்கும் தொழிலாளி தன் வாழ்வைச் சுவரிலே காணவேண்டும் என்ற வேட்கையும் இவ்வர்ணத்தின் முன்வரலாற்றில் ஒரு பகுதியாகும். அப்படிப்பட்ட வர்ணம் இன்று தொழிலாளியை நீக்கிய கடற்கரையைத் தீட்டுவதற்குப் பயன்படுவது வரலாற்றின் கேலி என்றே சொல்லவேண்டும்.

இவ்வர்ணத்தைக் கையாளும் முறையிலும் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கடற்கரை தீட்டக் கற்பிப்பவர்கள் பின்னாலிருந்து முன்னுக்கு வருக என்பார்கள். முதலில் வானம், பிறகு அடிவானக் கோடு, பிறகு தூரக் கடல், கிட்டக் கடல், அலை, அதன்பின் மணல், கடைசியில் மரம். வானத்தின் நீலம் மஞ்சளோடு மெல்லக் கலந்து இறங்கவேண்டுமானால் வர்ணம் காய்வதற்குள் தூரிகை ஓடவேண்டும். தாமதித்தால் நிறங்கள் கலவாமல் பட்டை பட்டையாக நின்றுவிடும். அதனால் முன்னதாகவே தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள்; காய்வதைத் தாமதிக்கும் திரவம் சேர்ப்பார்கள். காய்ந்தபின் நிறம் சற்று அடர்ந்து தெரியும் என்பதால் ஒரு படி வெளிறக் கலப்பார்கள். நுரைக்கு, ஈரமற்ற தூரிகையில் வெள்ளையைத் தொட்டுக் கித்தானின் சொரசொரப்பின்மேல் இலேசாக இழுப்பார்கள். இவை யாவும் கற்கத் தக்க நுட்பங்களே. ஆனால் இவ்வரிசையிலே மனிதனுக்கு இடம் எது? கற்பிப்பவர் கடைசியிலே, விரும்பினால் ஓர் உருவம் சேர்க்கலாம் என்பார். நேரம் போதாவிட்டால் அவன் விடுபடுவான். அவன் இல்லாமலே படம் முடிந்துவிட்டது என்ற நிறைவு தீட்டியவனுக்கும் உண்டாகும்; வாங்குபவனுக்கும் உண்டாகும்.

இப்படங்களை எடைபோட நாம் வேற்றுநாட்டு அளவுகோலைத் தேடிப் போகவேண்டியதில்லை. நிலக்காட்சியைப் பற்றிய கோட்பாடு ஒன்று தமிழிலே தொல்காப்பியக் காலந்தொட்டு இருக்கிறது. கவிதைக்கு வகுக்கப்பட்டதாயினும் அது ஓவியத்திற்கும் பொருந்துவதே. முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுத்தனர் நம் முன்னோர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் தெய்வம், மக்கள், மரம், பறவை, உணவு, தொழில், பறை முதலியன கருப்பொருள். அங்கு நிகழும் மனித உணர்ச்சியே உரிப்பொருள். நெய்தலுக்குப் பரதவரும் நுளையரும் மக்கள், மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் தொழில், இரங்கல் உரிப்பொருள். இம்மூன்றனுள் தலைமை முதற்பொருளுக்கு அன்று, உரிப்பொருளுக்கே என்பது அகத்திணை மரபின் உயிர்நிலை. கடலும் மணலும் இல்லாமற்கூட நெய்தற் பாட்டு அமையலாம். இரங்கும் நெஞ்சில்லாமல் அமையாது.

விடுதிச் சுவரின் படத்தை இவ்வுரைகல்லில் உரசிப் பாருங்கள். முதற்பொருள் பளபளவென்று இருக்கிறது. கருப்பொருளில் மரமும் பறவையும் உண்டு. மக்களும் தொழிலும் இல்லை. உரிப்பொருள் அறவே இல்லை. இங்கே இன்னொன்றையும் எண்ணவேண்டும். நெய்தலுக்குச் சிறுபொழுதாகத் தொல்காப்பியர் வகுத்தது எற்பாடு. ஞாயிறு சாயும் வேளை என்று அதற்குப் பொருள் கொள்வர். கடலுக்குப் போனவன் திரும்பாத வேளையிலே கரையில் நிற்பவளின் நெஞ்சு கலங்கும். அக்கலக்கத்திற்குப் பொருந்திய பொழுது அந்தி. ஆகவே அந்திக் கடல் நமக்குப் புதிதன்று. ஈராயிரம் ஆண்டுப் பழமை அதற்குண்டு. இன்றைய படம் அந்தியை வைத்துக்கொண்டது. அந்தியிலே காத்து நின்றவளை நீக்கிவிட்டது.

இந்நீக்கம் தற்செயலாக நிகழ்ந்ததா? இலங்கையில் 1966ஆம் ஆண்டு உல்லாசப் பிரயாண சபை நிறுவப்பட்டது. அதன்பின் பெந்தோட்டை முதலான மேற்கு, தெற்குக் கரைகள் விடுதிகளின் வரிசையாக மாறத் தொடங்கின. விற்பனைக்கு வைத்த கரையிலே கருவாடு காயும் நாற்றமும், கரைவலை இழுப்போரின் வியர்வையும், அம்பாப் பாடலின் இரைச்சலும் இருக்கலாகாது. விருந்தாளி தனியே நடப்பதற்கு ஆளற்ற மணல் வேண்டும். ஓவியம் அம்மணலைத் தீட்டிக் கொடுத்தது.

படத்தில் நிகழ்ந்தது நிலத்திலும் நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இந்நாட்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அதன்பின், கடலோரத்தில் வீடு கட்டத் தடை செய்து, தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என அரசு வலயம் குறித்தது. பாதுகாப்பு என்ற காரணம் நியாயமாகவே தோன்றும். ஆனால் மீனவனின் குடிசைக்கு விதித்த தடையிலிருந்து உல்லாச விடுதிகளுக்கு விலக்குக் கிடைத்ததைக் கரையோர மக்கள் கண்டித்தனர். எதிர்ப்பின் பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. கரை என்பது பார்த்து மகிழும் காட்சியே, வாழும் இடமன்று என்ற எண்ணம் ஆட்சியாளர் உள்ளத்தில் எவ்வாறு இத்துணை எளிதாகக் குடியேறியது? அதற்குச் சுவர்தோறும் தொங்கிய படங்களும் தம் பங்கைச் செலுத்தியிருக்கின்றன என்பேன். இல்லாதவனாகத் தீட்டப்பட்டவனை இல்லாதவனாக நடத்துவது எளிது.

அழகை அனுபவிக்கவும் உரிமையில்லையா, ஒவ்வொரு படமும் கண்ணீர் வடிக்கவேண்டுமா என்று கேட்பவர் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாள் முழுதும் கொழுந்து பறித்து வந்தவள் வீட்டுச் சுவரில் ஒரு நீலக்கடலை மாட்டி வைத்தால் அவளைக் குறைகூற எவருக்கும் வாயில்லை. அழகுக்கும் உண்மைக்கும் பகை மூட்டுவதும் என் நோக்கமன்று. ஆங்கில ஓவியர் டேர்னர் 1840ல் தீட்டிய ‘அடிமைக் கப்பல்’ என்ற படத்தை எண்ணிப் பார்க்கலாம். பொன்னும் குருதியும் கலந்தாற்போன்ற அந்திவானம், கொந்தளிக்கும் கடல். அந்த ஒளியிலே மயங்கிய கண் சற்றுக் கீழிறங்கினால், கப்பலிலிருந்து உயிரோடு வீசப்பட்ட அடிமைகளின் விலங்கிட்ட காலும் கையும் நீருக்குமேல் தெரிகின்றன. 1781ல் சொங் என்ற கப்பலிலே, காப்புறுதிப் பணத்தை எண்ணி மனிதரைக் கடலில் எறிந்த கொடுமை அப்படத்தின் பின்னணி என்பர். டேர்னரின் அந்திக்கு நிகரான அந்தி எந்த விடுதிச் சுவரிலும் இல்லை. உண்மை சேர்ந்ததால் அங்கே அழகு குறைந்துவிடவில்லை. அழகு அச்சமூட்டும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

நம் நாட்டிலேயே நாம் பாடங்கேட்கத் தக்க ஓவியர் ஒருவர் உண்டு. தெகிவளைக் கரையில் 1921ல் பிறந்த ஐவன் பீரிஸ், திரைப்பட நெறியாளர் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் தம்பி. லயனல் வெண்ட், கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல முதலியோர் 1943ல் கூடி அமைத்த ‘43 குழு’வின் நிறுவனருள் ஒருவர். 1940களில் புலமைப்பரிசில் பெற்று இலண்டன் சென்றார், நாடு திரும்பினார், 1950களில் மீண்டும் சென்றவர் அங்கேயே தங்கி, தேம்ஸ் நதி கடலோடு சேரும் சவுத்எண்ட் ஊரிலே வாழ்ந்து 1988ல் மறைந்தார். வாழ்வின் பெரும்பகுதியை ஆங்கிலக் கடலோரத்தில் கழித்தபோதும் அவர் தூரிகை மீண்டும் மீண்டும் தீட்டியது இளமையில் கண்ட இலங்கைக் கரையையே.

அவர் பெரிதும் கையாண்டது எண்ணெய் வர்ணம். எனினும், அக்ரிலிக் எடுப்போர் அவரிடம் கற்கவேண்டியது நிறைய. அவருடைய கரையில் பளபளப்பு இல்லை. கடல் ஒரு பட்டை. மணல் ஒரு பட்டை. வானம் ஒரு பட்டை. கரிய மரங்கள் தூண்போல நிமிர்ந்து நிற்கும். அவற்றிடையே ஓரிருவர் அசைவின்றி, பேச்சின்றி நிற்பார்கள். எதையோ எதிர்பார்த்து நிற்கிறார்களா, யாரையோ வழியனுப்பிவிட்டு நிற்கிறார்களா என்று பார்ப்பவன் திகைப்பான். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று வகுத்தவர் இப்படங்களைக் கண்டால் தம் நூற்பாவுக்கு உரை கிடைத்ததென்று மகிழ்வர்.

ஆயினும், போற்றுவதோடு விமரிசனம் முடிந்துவிடாது. பீரிஸின் கரையில் மனிதன் இருக்கிறான். அவன் தொழில் மங்கிக் கிடக்கிறது. நிற்பவர்களின் கை என்ன செய்து உரம்பெற்றது, அவர்கள் வீட்டில் உலை கொதித்ததா என்பதை அப்படங்கள் சொல்வதில்லை. பிரிந்து சென்றவனின் நினைவில் ஊர் ஒரு கனவாக உறைந்துவிடுவது இயல்பு. அது அவர் கலையின் ஆழம்; அதன் எல்லையும் அதுவே. உரிப்பொருளை அவர் மீட்டுத் தந்தார். கருப்பொருளை முழுமையாக்கும் கடமை பின்வருவோருக்கு எஞ்சியிருக்கிறது.

மலையில் வாழும் நமக்குக் கடற்கரையோடு என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கக்கூடும். குறிஞ்சியில் வாழும் நம் மக்களின் வரலாறு நெய்தலிலேதான் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து தோணியேறிய நம் முன்னோர் பலர் மன்னார்க் கரையில் இறங்கிக் காடுவழி நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை. இறங்கிய கரையே பின்னர் ஏற்றிவிடும் கரையும் ஆயிற்று. 1948ல் குடியுரிமை பறிபோனது. 1964 ஒக்டோபரில் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பல் 1984ல் நிற்கும்வரை எத்தனையோ குடும்பங்களைப் பிளந்து ஏற்றிச் சென்றது. மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023ல் பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை கால்நடையாகவே நடந்தார்கள். இரங்கல் நம் வரலாற்றுக்கும் உரிப்பொருளன்றோ?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தந்த படம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அவள் கடல் கண்டவளல்லள். பாட்டியின் தமக்கை எழுபதுகளில் கப்பலேறிய கதையைக் கேட்டு வளர்ந்தவள். கடற்கரைக் காட்சி என்ற தலைப்புக்கு அவள் தீட்டியது ஓர் இறங்குதுறை. அதன்மேல் தகரப் பெட்டியும் துணி மூட்டையும் சுமந்த ஒரு மனித வரிசை. அத்தனை பேரும் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். ஒரு கிழவி மாத்திரம் திரும்பிப் பார்க்கிறாள். கடல் இரண்டு விரல் அகலத்துக்குமேல் இல்லை. வர்ணம் விரைந்து காய்ந்துவிட்டதால் வானம் மூன்று பட்டைகளாகக் கலவாமல் நின்றது. போட்டியொன்றின் நடுவர்கள் இயற்கை எழில் போதாதென்று அதனை ஒதுக்கினர். பரிசு பெற்றவை மூன்றிலும் தென்னை சாய்ந்திருந்தது, ஞாயிறு மறைந்துகொண்டிருந்தது.

அப்படத்தில் கை முதிரவில்லை, உடலளவுகள் பிசகியிருந்தன. அவற்றைச் சொல்லித் திருத்தவேண்டும். ஆனால் முதலும் கருவும் உரியும் ஒருங்கே அமைந்த நெய்தல் அவ்வரிசையில் அது ஒன்றே. கலவாமல் நின்ற வானத்தின் மூன்று பட்டைகளும் அங்கே குறையாகத் தோன்றவில்லை. பயணம் போவோரின் தலைக்குமேல் இறுகிய விதிபோல் இருந்தன. ஒரு பிள்ளை தன் குடும்பத்தின் கரையைத் தீட்டும்போது அது கரையே அல்ல என்று நாம் தீர்ப்புச் சொன்னால், அடுத்த முறை அவளும் தென்னையே வரைவாள். ஓர் இனத்தின் நினைவு அழிவதற்குப் படையெடுப்பு வேண்டியதில்லை. இப்படிப்பட்ட சில மதிப்பெண்கள் போதும்.

எதிர்த்திசையில் உள்ள குழியையும் சொல்லியாகவேண்டும். முற்போக்கு என்ற பெயரால், புடைத்த தோளும் உயர்த்திய கையுமாக ஒரு மீனவனைச் செஞ்ஞாயிற்றின் முன் நிறுத்திவிட்டால் கடமை முடிந்ததென எண்ணும் ஓவியரும் நம்மிடையே உளர். அம்மீனவன் எந்தத் துறையைச் சேர்ந்தவன்? அவன் கையிலுள்ள வலை எவ்வகை? வள்ளம் அவனுடையதா, சம்மாட்டியுடையதா? இவற்றை அறியாமல் தீட்டிய வீரன், விடுதிப் படத்தின் தென்னையைப் போல இன்னொரு வாய்பாடே. யதார்த்தம் என்பது பார்த்து, கேட்டு, பழகி அறிவதால் வருவது. சுலோகம் அந்த உழைப்பைத் தட்டிக்கழிப்பதற்கு ஒரு வழியாகிவிடக்கூடாது.

இறுதியாக, வர்ணத்துக்கும் கடலுக்கும் உள்ள உறவொன்று. அக்ரிலிக் பிளாஸ்ரிக்கே என்று மேலே சொன்னேன். தூரிகை கழுவிய நீரைக் கானில் ஊற்றினால் அந்நுண்துகள்கள் நீரோடு போகும். புசல்லாவையின் ஓடைகள் மகாவலியைச் சேர்கின்றன. மகாவலி திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலே கடலில் விழுகிறது. 2021ல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து 1,600 தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்ரிக் மணிகள் கொட்டுண்டு கரையெங்கும் ஒதுங்கின. மீனவர் வேலையிழந்தார்கள், மணலைச் சல்லடையிட்டு மணி பொறுக்கினார்கள். அக்காட்சியும் கடற்கரைக் காட்சிதான். எந்த விடுதி அதனை வாங்கி மாட்டும்? எஞ்சிய வர்ணத்தைத் துணியில் துடைத்தெடுத்து, கழுவிய நீரைத் தெளியவைத்து, அடியில் படிந்ததைக் குப்பையோடு சேர்ப்பது சிறு வேலைதான். தான் தீட்டும் கடலிடம் ஓவியன் காட்டவேண்டிய மரியாதை அங்கிருந்து தொடங்கட்டும்.

வர்ணமும் தூரிகையும் குற்றவாளிகளல்ல. விரைந்து காயும் வர்ணம் ஒன்றைக் கேட்கிறது: தொடுவதற்கு முன்னே முடிவு செய்துகொள். அம்முடிவு வானத்தின் நீலத்தைப் பற்றியது மட்டுமாயின் கிடைப்பது அலங்காரம். கரையில் நிற்பவன் யார், அவன் எதற்காக நிற்கிறான், அவன் வாழ்வு யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றியதாயின் அங்கே ஓவியம் பிறக்கும். சித்திரம் கற்பிக்கும் ஆசிரியரும், போட்டிகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் நடுவரும் பின்னாலிருந்து முன்னுக்கு வரும் அந்தப் பழைய வரிசையை ஒருமுறையாவது மாற்றிப் பார்க்கட்டும். கித்தானில் முதற்கோடு மனிதனுக்காக விழட்டும். கடலும் வானமும் அவனைச் சூழ்ந்து தாமே வந்து சேரும்.